பெங்களூர் அக்கா

மாம்பழ மஞ்சள விட்டு நகர மாட்டேங்கறா உன் பொண்ணு. உன்ன மாதிரியேதான், சம்பூரணம், ஒரு கலர் மேல கண்ணு உழுந்துட்டா அப்புறம் உலகத்துல வேற கலரே கெடையாது. கடைக்காரப் பொண்ணு எடுத்து எடுத்து விரிக்குது, யுவராணி ஓரத்தப் புடிச்சி வெளிச்சத்துல காட்டறா, கசக்கறா, மோந்து கூட பாக்கறா. எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு போட்டிருக்காங்க, முட்டி வலிக்காரனாச்சே, மெத்தையில உக்காந்தா எழுப்பி வுட ஒரு ஆளு வேணும். ஆரணியில இத்தன கடை இருக்குது, வேற எங்கனா போலாம்மான்னு பஸ்லயே சொல்லிப் பாத்தேன். அம்மா எப்பவும் எடுக்கிற கடையிலதாம்பா எடுக்கணும்னு ஒரே பிடியா நின்னுட்டா. எப்படி மறுக்கறது, உன் வருஷப் படையலுக்குத் துணி. தாலியோட போனவள பூவாடைக்காரியா உக்கார வெச்சி, புதுப்பொடவ சாத்தி, பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கும்பிடணும், அது நம்ம பக்கத்து வழக்கம். கும்பிட்டப்புறம் அந்தப் பொடவைய மடிச்சி மூங்கில் கூடையில வெச்சி பரண்ல ஏத்திடணும். அடுத்த வருஷம் புதுசு சாத்தும்போது பழச எறக்கி வூட்டுப் பொண்ணு கட்டிக்கணும். எல்லாம் தெரியும் எனக்கு, எங்கம்மாவுக்கு செஞ்சவன்தான நான். ஆனா இப்ப நான் அத நெனச்சிக்கினு உக்காரல. அந்த மஞ்சள் அடுக்குக்கு அந்தாண்ட ஒரு அரக்குக் கலர் காட்டன் ஓரம் மட்டும் எட்டிப் பாக்குது, விரல் அகலத்துக்குக் கரை, ஒடம்பு முழுக்க ப்ளெயின். அதத்தான் பாத்துக்கினு இருக்கேன். நீ இருந்திருந்தா இந்நேரம் அத இழுத்துப் போட்டிருப்பே.

உனக்கு இல்ல, எனக்கு. சொல்ல வெக்கமா இருக்குது, உன்கிட்ட இன்னா வெக்கம், உனக்கு மட்டும்தான தெரியும். கரண்ட்டு கம்பம் ஏறி ஏறி வளந்த ஒடம்பு இது, தோள் ரெண்டும் பலகை, இடுப்புன்னு ஒண்ணு கெடையாது, பாதத்தப் பத்திப் பேசவே வேணாம். இதுக்குள்ள அந்த ஆச ஏன் வந்து குந்துச்சின்னு எந்தக் கோயில்ல போயி கேக்கறது. கல்யாணத்துக்கு முன்னயே இருந்துது, கல்யாணம் ஆனா போயிடும்னு நெனச்சேன், போவல. பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ரேஷன் கடை தெறக்கலைன்னு நீ சீக்கிரம் திரும்பிட்டே, நான் உன்னோட ரோஸ் கலர் சில்க்க சுத்திக்கினு பீரோ கண்ணாடி முன்னாடி நிக்கிறேன். அப்ப வந்த பயம் இருக்குதே, லைன்ல ஷாக் அடிச்சி பெல்ட்டுல தொங்கினப்ப கூட எனக்கு வரல. நீ நேரா சமையல்கட்டுக்குப் போயிட்டே. சோறு போட்டே, தண்ணி வெச்சே, பேசல. உன் தம்பிங்கள கூப்பிடுவியா, பொண்ண இட்டுக்கினு தாய் வூட்டுக்குப் போயிடுவியான்னு பயந்து பயந்து செத்தேன். அப்புறம் ஒரு நாளு வெங்காயம் அரிஞ்சிக்கினே, தல நிமிராம, "அந்த ரோஸ் உனக்கு எடுப்பா இல்லய்யா, இன்னும் கருப்பா காட்டுது"ன்னே. அவ்ளோதான் நீ சொன்னது. நான் பின்பக்கம் தண்ணி தொட்டியாண்ட போயி அழுதேன். உனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உனக்குத் தெரியாம அந்த வூட்ல இன்னா நடந்துது.

அதுக்கப்புறம் நீ என்ன வுடவே இல்ல. சும்மா சுத்திக்கினா ஆச்சா, பாக்கற மாதிரி இருக்க வேணாமான்னு ஆரமிச்சிட்டே. பளபளன்னு சில்க் பக்கம் போவாதே, ஒடம்புல ஒட்டிக்கினு தோள கதவாட்டம் காட்டும். பெரிய பூ வேணாம், கட்டம் வேணாம், குறுக்குக் கோடு தொட்டே கையை ஒடிப்பேன். கஞ்சி போட்ட காட்டன் கட்டு, கொசுவத்த நெறைய வையி, இல்லாத இடுப்பு தானா வரும். தலப்ப மடிப்பு வெச்சி பின் குத்தினா தோள் எடுத்துக் காட்டும், ஒத்தையா கைமேல வுடு, அதுவே மறைச்சிடும். ரவிக்கைய நீயே மிஷின்ல தச்சே, முழங்கை வரைக்கும் கை, கழுத்து மட்டும் கொஞ்சம் எறக்கம், அளவு எடுக்கும்போது டேப்ப கீழ போட்டுட்டு, இது ரவிக்கையாய்யா தலகாணி ஒறையான்னு சிரிச்ச சிரிப்புல எனக்கு கோவமே வந்துடுச்சி. சுடிதார் ஆசப்பட்டேன் ஒரு வாட்டி, போட்டுப் பாத்தா பக்கத்து வெட்டுல என் தொடைதான் தெரியுது, கபடி ஆடப் போறவன் மாதிரி இருக்கேன்னுட்டே. வெயில் காலத்துக்கு நைட்டிதான் தோதுன்னு கருநீலத்துல பொடிப்பூ போட்டது ஒண்ணு வாங்கினே, முன்னாடி நீட்டு ஜிப்பு, யாராவது கதவு தட்டினா ஒரே இழுப்புல கழட்டிடலாம்னு உன் யோசன. அழகும் பாப்பே, ஆபத்தும் பாப்பே. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, அதுக்குன்னு கரண்ட்டும் போயிடும், ஈபிக்காரன் வூட்லயே கரண்ட்டு இல்லன்னு நீ விசிறிக்கினே காப்பி குடிப்பே, எதிர்ல நான் கால மடக்கி உக்காந்து குடிப்பேன். வேற இன்னா பண்ணோம். கீர ஆய்ஞ்சோம், பொண்ணுக்கு வந்த மாப்ளைங்கள நக்கல் அடிச்சோம். இதுக்கா இவ்ளோ பயம்னு வெளிய யாருக்காச்சும் சொன்னா நம்புவாங்களா. ஆனா அந்தக் காப்பி மாதிரி ஒரு காப்பிய நான் அப்புறம் குடிக்கல, சத்தியமா குடிக்கல.

சேல்ஸ்மேன் தனகோட்டிய இன்னும் காணோம். சாப்பிடப் போயிருப்பான், அவன் வர்றதுக்குள்ள இவ ஒண்ண எடுத்துட்டா நான் தப்பிச்சேன். எடுக்க மாட்டேங்கறாளே. மஞ்சள்லயே கெட்டி மஞ்சளா எளம் மஞ்சளான்னு அந்தப் பொண்ணோட ஆராய்ச்சி நடக்குது. ஏசி காத்து நேரா என் கழுத்துல அடிக்குது, அடிச்சும் வேக்குது. அவன்தான் நமக்கு வழக்கமா காட்டறவன். ஆம்பளைக்குப் பொடவ எடுக்கறதுல இருக்கற கஷ்டமே, கட்டிப் பாக்காம எடுப்பா எடுப்பில்லியான்னு தெரியாது. அதுக்கு நீ கண்டுபுடிச்ச வழி இருக்குதே, எந்தப் பொம்பளைக்கும் வராது. சேல்ஸ்மேனுங்க சட்ட மேலயே பொடவைய சுத்திக் கொசுவம் வெச்சிக் காட்டுவாங்கல்ல, தனகோட்டி அப்படி சுத்த ஆரமிச்சப்ப நீ கூசாம சொன்னே, எங்க பெங்களூர் அக்காவுக்குப்பா, நல்ல ஒசரம், இவர் சைசுதான், இவர் மேலயே போட்டுக் காட்டு அப்பதான் தெரியும்னு. அவன் சிரிச்சிக்கினே என்ன எழுப்பி நிக்க வெச்சி, தோள்ல தலப்ப போட்டு, முன்னாடி கொசுவத்த விரிச்சிப் புடிச்சி, ஆளுயரக் கண்ணாடி பக்கம் திருப்பினான். சுத்தி இருந்த பொம்பளைங்க சிரிச்சாங்க, நானும் சலிச்சிக்கிற மாதிரி மூஞ்ச வெச்சிக்கினேன். சலிப்பா? பட்டப்பகல், ட்யூப்லைட்டு வெளிச்சம், ஊர் ஜனங்க முன்னாடி நான் பொடவையோட நிக்கிறேன், ஒருத்தரும் அடிக்க வரல. நீ தல சாச்சிப் பாத்துட்டு, எங்க அக்காவுக்கு எடுப்பா இருக்கும்னே. தீபாவளிக்கு ஒண்ணு பொங்கலுக்கு ஒண்ணுன்னு பெங்களூர் அக்கா துணி எடுத்துக்கினே இருந்தா. தனகோட்டி வெகுளி, போன பொடவ அக்காவுக்குப் புடிச்சிருந்துதாம்மான்னு விசாரிப்பான், ரொம்பப் புடிச்சிதாம்பா கண்ணாடிய வுட்டு நகரலியாம்னு நீ சொல்லுவே. உனக்கு அக்கா ஏது. உங்க வூட்ல நீதான் மூத்தவ.

நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தே, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வர்றதுக்குள்ள போயிட்டே. ஒண்ணும் சொல்லிட்டுப் போவல. காரியம் முடிஞ்சதும் உன் தம்பி பொண்டாட்டியும் யுவராணியும் பீரோவ தெறந்தாங்க, செத்தவங்க துணிய வூட்ல வெக்கக் கூடாதாம், எல்லாத்தையும் எடுத்துக் கூடத்துல போட்டாங்க. உன்னுதும் என்னுதும் ஒண்ணா கெடந்துது. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கினாங்க. என் ரவிக்கைய தூக்கிப் பாத்து, இவ்ளோ பெருசா இருக்குதே, அப்புறம் எளச்சிட்டாங்க போலிருக்குது பாவம், உள்ளுக்குள்ள இன்னா சீக்கோன்னு உன் தம்பி பொண்டாட்டி அழுதா. நான் தூணாண்ட நின்னுக்கினு பாத்தேன். அதுல ஒண்ணு குடும்மான்னு எந்த வாயால கேக்கறது. ஒரே நாள்ல ரெண்டு பேர வழியனுப்பின மாதிரி இருந்துது, ஒருத்திக்குக் கூட சேந்து அழ ஆள் இருந்தாங்க, இன்னொருத்திக்கு நான் மட்டும்தான். என்னோட கத்திரிப்பூ காட்டன் பால்காரம்மாவுக்குப் போச்சி. காலையில அத கட்டிக்கினு கேனோட வர்றா, கொசுவமும் வெக்கத் தெரியல, மண்ணுல இழுத்துக்கினு போவுது. கஞ்சி போடும்மான்னு ஒரு நாளு வாய் வரைக்கும் வந்துடுச்சி. பாலு வேணுமா வேணாமா சார், ஏன் பொடவையவே பாக்கறீங்கன்னு அவ மொறச்சா. இந்த வயசுல எனக்கு அந்தப் பேரும் வரணுமா.

அதனாலதான் இன்னிக்கு அந்தத் திருட்டு யோசன. படையல் பொடவ பரண்ல இருக்கும், பரண் என் வூட்ல இருக்குது. யுவராணி மறுநாளே மாப்ள வூட்டுக்குப் போயிடுவா. வருஷம் பூரா அதுவும் நானும்தான். உனக்குன்னு சொல்லி எனக்கு எடுப்பா ஒண்ணு எடுத்துட்டா, எப்பனா ஒரு மத்தியானம், கதவ சாத்திக்கினு, கட்டக் கூட வேணாம், மேல போட்டுக்கினு ஒரு காப்பி. பூவாடைக்காரி துணிய திருடறேன், உன் துணிய, தெரியுது. உனக்கு மஞ்சள்தான் உயிரு, ஒசரமே இல்லாதவ ஜாண் அகலக் கரை கட்டாதேன்னு நான் தலபாடா அடிச்சிக்கினாலும் கேக்க மாட்டே, கரைதான் தெரியுது நீ எங்கடின்னு கேட்டா கிள்ளுவே. செத்தவளுக்கு அவ ஆசப்பட்ட கலர கூட வெக்காதவன் இன்னா புருஷன். ஆனா நீ கோச்சிக்க மாட்டே. கோச்சிக்குவியா? நீ மட்டும் கூடையில பத்திரமா உக்காந்துக்குவே, நான் எங்க போறது. இப்படி சுத்தி சுத்தி அதே எடத்துக்கு வந்துக்கினு இருக்கும்போதுதான் கடைக்காரப் பொண்ணு திரும்பி, அம்மா எப்படி சார் இருப்பாங்கன்னு கேட்டுது. நான் அந்த அரக்குப் பொடவைய பாத்துக்கினே பதில் சொல்லிட்டேன். நல்ல ஒசரம்மா, தோள் அகலம், கருப்பு நெறம், சின்னக் கரை போதும், அதோ அத எடு.

யுவராணி கையில இருந்த மஞ்சள் அப்படியே நின்னுது. யாருப்பா ஒசரம், அம்மா என் தோளுக்குக் கூட வர மாட்டாங்களேன்னு கேட்டா. ஏதோ ஞாபகத்துலம்மா, வயசாவுதுல்லன்னேன். அவ நம்பிட்டா, பாவம், அப்பாவுக்கு அம்மா போனதுலருந்தே தடுமாறுதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட மெதுவா சொன்னா. தப்பிச்சேன்னு மூச்சு வுட்டேன் பாரு, அப்பதான் மாடிப்படியில தனகோட்டி, வாய தொடச்சிக்கினே வர்றான். வாங்க சார், எவ்ளோ நாளாச்சி, அம்மா வரலியான்னான். யுவராணி சொன்னா. அவன் மூஞ்சி சுண்டிப் போச்சி, மெத்தை ஓரத்துலயே உக்காந்துட்டான், சிரிச்ச மொகம் சார் அவங்களுதுன்னு துண்டால கண்ணத் தொடச்சான். நல்லவன்தான். நல்லவங்ககிட்ட இருந்துதான் நமக்கு ஆபத்து வருது. "பெங்களூர் அக்கா தாங்கினாங்களா சார் இத? ரெண்டு பேரும் அவ்ளோ பாசமாச்சே"ன்னான்.

யுவராணி என்னப் பாத்தா. அம்மாவுக்கு ஏதுப்பா அக்கான்னா. தனகோட்டி முந்திக்கினான், இன்னாம்மா இப்படி கேக்கறீங்க, பண்டிகை தவறாம அவங்களுக்குத்தான் மொதல்ல எடுப்பாங்க, நல்ல ஒசரம், சின்னக் கரை, டார்க் கலரு, சார் மேலதான் போட்டுக் காட்டுவேன். அவ மொகத்துல ஒவ்வொண்ணா வந்து உக்காருது, எனக்குத் தெரியுது. ஒசரம், தோள் அகலம், சின்னக் கரை, இப்பதான அப்பா வாயில வந்துது. அப்பாவுக்கு ஒருத்தி இருந்திருக்கா. அவளுக்கு அம்மாவையே துணி எடுக்க வெச்சிருக்காரு. அந்தப் பார்வைய நான் எப்படித் தாங்கறது, சம்பூரணம், சின்ன வயசுல என் தோள் மேல உக்காந்து தேர் பாத்த பொண்ணு. உண்மைய சொல்லிடலாம். அந்த அக்கா நான்தாம்மா. மூணு வார்த்தை. சொன்னா இவ இன்னா பண்ணுவா, உன்ன மாதிரி வெங்காயம் அரிஞ்சிக்கினு கலர் எடுப்பா இல்லன்னு சொல்லுவாளா. சொல்லுவாளோ என்னமோ. உனக்குப் பொறந்தவதான. மாட்டா, பேரப் புள்ளைங்கள என்கிட்ட வுடவே மாட்டா. சொல்லலைன்னா நீ ஏமாந்தவளா போயிடுவே, அது அதவிட மோசம். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சந்து இருந்துது, அதுல நொழஞ்சேன்.

"கூடப் பொறந்தவ இல்லம்மா. உங்கம்மாவுக்குக் கல்யாணத்துக்கப்புறம் கெடச்ச பழக்கம். அக்கான்னு கூப்பிடுவா."

சாவுக்குக் கூட வரலியேப்பான்னா, இன்னும் நம்பாம.

"வர முடியாதும்மா. உங்கம்மா போன அன்னிக்கே அவளும் போயிட்டா."

சொல்லிட்டேன். சொன்னதும் தேம்பிட்டேன், ஸ்டூல்ல உக்காந்த எடத்துலயே, கடைன்னு கூட பாக்காம. பொய்ய சொல்லிட்டு யாராவது இப்படி அழுவாங்களா. அந்த அழுகைதான் அவள நம்ப வெச்சிது. ஓடி வந்து என் கைய புடிச்சிக்கினா, ஒரே நாள்ல ரெண்டு பேரா, எங்ககிட்ட சொல்லவே இல்லியேப்பா, நீயே வெச்சிக்கினு இருந்தியான்னு அவளும் அழுவறா. ஆமாம்மா நானேதான் வெச்சிக்கினு இருந்தேன். தனகோட்டி தண்ணி கொண்டாந்து குடுத்தான். அவங்களுக்குப் புள்ள குட்டி யாராச்சும் படையல் வெக்கறாங்களாப்பான்னு யுவராணி கேட்டா. யாரும் இல்லம்மா, ஒண்டிக்கட்டைன்னேன். அவ கண்ணத் தொடச்சிக்கினா, உன் மாதிரியே மூக்க உறிஞ்சினா, தீர்மானமா எழுந்தா. அம்மா பக்கத்துலயே அவங்களுக்கும் ஒண்ணு வெச்சிடலாம், அம்மாவும் அததான் ஆசப்படுவாங்க, அந்த அரக்குக் கலர எடுங்கண்ணே, அப்பா மேல போட்டுக் காட்டுங்கன்னா.

எழுந்து நின்னேன். தனகோட்டி பழக்கத்துல கடகடன்னு பிரிச்சி, இடுப்புல ஒரு சுத்து, முன்னாடி கொசுவம், தலப்ப மடிக்காம ஒத்தையா கைமேல வுட்டான், அவங்க இப்படித்தான் கட்டுவாங்கன்னு அம்மா சொல்லுவாங்கன்னான். புதுக் காட்டன் வாசன, கஞ்சி மொடமொடப்பு. கண்ணாடி பக்கம் திருப்பினான். நல்லா இருக்குது, சம்பூரணம், ரொம்ப நல்லா இருக்குது, தோளே தெரியல, நீ கூட இவ்ளோ எடுப்பா ஒண்ண எடுத்ததில்ல. இத நான் கட்ட முடியாது. உன்னுதுன்னா நீ கோச்சிக்க மாட்டேன்னு திருடலாம், இது எனக்கே வெக்கற படையல், இனி செத்தவ துணி, உன் மஞ்சளுக்குப் பக்கத்துல கூடையில போயிடும், அடுத்த வருஷம் எறக்கி யுவராணி கட்டிக்குவா, கத்திரிப்பூவ பால்காரம்மா கட்டின மாதிரி. நானே என் வாயால கொன்னுட்டேன் அவள. இனிமே வேற பொடவ எடுக்க எந்தப் பேர சொல்லி இந்தப் படியேறுவேன். யுவராணி எனக்குப் பின்னாடி நின்னு கண்ணாடியில பாக்கறா, தல சாச்சி, நீ பாக்கற மாதிரியே. அவங்களுக்கு எடுப்பா இருந்திருக்கும்பான்னா. அப்புறம், அவங்க பேரு இன்னாப்பா, படையல்ல பேரு சொல்லிக் கூப்பிடணுமேன்னு கேட்டா.

பேரா. நீ வெக்கவே இல்லியேடி. இத்தன வருஷம் அக்கா அக்கான்னே ஓட்டிட்டே, ஒரு பேரு வெச்சிக் கூப்பிட நமக்குத் தோணவே இல்லியே. ஏதாவது ஒரு பேர சொல்லிடலாம்னு வாயத் தெறக்கறேன், ஒண்ணு கூட வரல. தெரியாதும்மா, உங்கம்மா அக்கான்னுதான் கூப்பிடுவான்னேன்.

"அப்ப எனக்குப் பெரியம்மாதான"ன்னா யுவராணி. "பெரியம்மான்னே கூப்பிடறேன்." சொல்லிட்டு, கண்ணாடிய பாத்துக்கினே, படையல்ல கூப்பிடப் போறத ஒரு வாட்டி சொல்லிப் பாக்கற மாதிரி, "பெரியம்மா"ன்னா.

தனகோட்டி பொடவைய எறக்க வந்து தோள் மேல கைய வெச்சான்.

"இருப்பா"ன்னேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."